பொம்மை வீட்டுக்குக் கிழக்கு எது?

“16.5.2004, ஞாயிறு. கம்பம். இன்று ஒரு வீடு வாங்கினேன். மாடி உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி எடுத்துப் போனேன். வழியில் கூரை பறந்துவிட்டது.”

என் டைரியில் இருப்பது இது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டியில் ஒரு கிரகப்பிரவேசம். தேனியிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போயிருந்தேன். பால் பொங்கிய அடுப்படியில் நின்றபோது இந்தப் பழைய வரிகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கே நான் பார்த்தது நிஜ வீடு. போன வருஷம் மே மாதம் நான் வாங்கியது பொம்மை வீடு. இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

கம்பத்தில் காசிம் பாய் என்று ஒரு நண்பர். பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். குமுளிக்கு மேலே உள்ள எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது வருகிற கட்டில், பீரோ, கடிகாரம் எல்லாம் அவர் கடைக்குத்தான் இறங்கும். நான் அங்கே போவது பழைய காலண்டர்களுக்காக. அன்றைக்கும் அதற்குத்தான் போனேன்.

இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் ஒரு மூலை தெரிந்தது. தட்டையான கூரை. அதற்குக் கீழே பால்கனி. பால்கனிக்குச் சன்னமான கம்பிக் கைப்பிடி!

மெத்தையை நானே இழுத்துப் போட்டேன். மாடியோடு ஒரு பொம்மை வீடு!

பொம்மை வீடு என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? கூம்புக் கூரை, சிவப்பு ஓடு, புகைபோக்கி. இது அப்படி இல்லை. 1960-களில் பெரிய நகரங்களில் புதுப் பணக்காரர்கள் கட்டினார்களே, அந்த மாதிரி நவீன வீடு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உண்மையில் பிளாஸ்டிக், பக்கவாட்டில் தள்ளித் திறக்கலாம். உள்ளே ஹால். அந்தரத்தில் தொங்குவதுபோல் படிகள். ஹாலுக்குப் பின்னால், வலது மூலையில் அடுப்படி. இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு மேடை மட்டும். கூரையைக் கழற்றினால் மாடியில் இரண்டு படுக்கையறை, நீல நிறத்தில் ஒரு குளியல் தொட்டி. பாட்டரி போட்டால் எரியும் பல்புகள்கூட இருந்திருக்கின்றன. பித்தளைப் பாட்டரிக் கூடு மட்டும் மிச்சம்.

ஆள்காட்டி விரல் உயரத்தில் மனிதர்கள் இருந்தால் நாளைக்கே குடிபோகலாம்!

“எந்த வருஷத்து வீடு பாய் இது?”

“எனக்கு என்ன தெரியும் சார்? மேலருந்து வந்துச்சு. ரெண்டு மழைக்காலமா இங்கன கெடக்கு. பிள்ளைக விளையாடக் கேட்டுச்சுக, குடுக்கல. நீங்க ஒரு ஆளு வருவீகன்னு தெரியும்.”

விலையை எழுத மாட்டேன். வீட்டில் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

சேதம் நிறைய. பின்பக்கப் பலகை கரையான் அரித்து, மேலெல்லாம் மண் அப்பி, ஈரத்தில் ஊதி, அப்பளம்போல் நெளிந்திருந்தது. அடுப்படியில் சுவர்க் காகிதம் பிய்ந்து திரைபோல் தொங்கியது. கண்ணாடியில் ஒன்று இல்லை. பாய் யோசித்தார்.

“இத தேனிக்குக் கொண்டுபோயி என்ன செய்வீக? சுருளிப்பட்டில தங்கவேலுன்னு ஒரு ஆசாரி இருக்காரு. நேரா அங்கன கொண்டுபோங்க. ஆனா ஒண்ணு, ரொம்பப் பேசுவாரு.”

“பரவாயில்லை, நானும்தான்.”

“அது தெரிஞ்சுதான சார் சொல்றேன்!”

பின்பலகை உதிராமல் இருக்க ஒரு சாக்கை அதன்மேல் சுற்றி, வண்டியில் கட்டிக் கொடுத்தார். கூரையை மட்டும் சரியாகக் கட்டவில்லை. நானும் கவனிக்கவில்லை.

நம் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு மலை இடுக்கு வழியே இறங்கி, பள்ளத்தாக்கு முழுக்கத் துடைத்துக்கொண்டு போகும் மேகாத்து. ஆனியும் ஆடியும்தான் அதற்கு உரிய மாதங்கள். அந்த வருஷம் வைகாசி பிறந்ததுமே ஒத்திகை பார்த்தது. சுருளிப்பட்டி எல்லைக்குள் நுழையும்போது முதுகில் ஒரு அடி... திரும்பினால் என் வீட்டுக் கூரை, பட்டம்போல் மிதந்து திராட்சைத் தோட்டத்துக்குள் போகிறது.

பந்தலுக்குக் கீழிருந்து ஒரு பெண் குரல்: “ஆத்தாடி! யாரு வீட்டுக் கூரைய்யா இது?”

“என் வீட்டுக் கூரைதான்மா!”

கொத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். குரல் கொடுத்தவர் கூரையைக் கையில் ஏந்தியபடி ரோட்டுக்கு வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்:

“அடுப்படி எங்கன இருக்கு?”

காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் எங்கே போகிறேன் என்று கேட்டார். தங்கவேல் ஆசாரி வீடு என்றேன்.

“எங்க வீட்டுக்காரருதான். வாங்க, பின்னாடியே வாங்க.” கூரையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர்தான் பேச்சியம்மாள்.

தங்கவேல் வீட்டைக் கீழே இறக்கி வைத்தார். தொட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். தொடவில்லை.

“சார், இதுக்குக் கெழக்கு எது?”

“பொம்மை வீட்டுக்கு ஏதுங்க கிழக்கு?”

“தெச தெரியாம நான் உளி வைக்க மாட்டேன். வீடுன்னா வீடுதான, சின்னதென்ன, பெருசென்ன?”

வீட்டைத் தரையில் வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முகப்பு மேற்கே இருந்தபோது அடுப்படி தென்கிழக்கே, அடுப்புக்கு உரிய அக்னி மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. வாஸ்து பார்க்கிறவர் அதோடு விட்டிருக்க வேண்டும். இவர் விடவில்லை. மறுபடி திருப்பினார். முகப்பு கிழக்கே வந்தது. அடுப்படி வடமேற்கே போனது.

“வாயு மூல... பரவாயில்ல. அக்னி இல்லாட்டி வாயு. இது கெழக்க பாத்த வீடு சார். எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டேன். ஏன் மெனக்கெட்டுக் கிழக்கே திருப்பினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பேச்சியம்மாள்தான் சொன்னார். ஆவணியில் அவர்கள் வீடு கட்ட அஸ்திவாரம் போடப் போகிறார்கள். மனை கிழக்குப் பார்த்தது. ஆசாரி மண்டைக்குள் இப்போது எல்லா வீடும் அந்த வீடுதான்.

அந்த வீட்டைப் பற்றித்தான் தகராறு. நான் திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எனக்கு முன்னாலேயே ஆரம்பித்தார்கள்.

“சார் படிச்சவக. அவககிட்டயே கேப்போம். அடுப்படில மேக்க ஒரு ஜன்னல் வைக்கணும்னு கேக்குறேன். தப்பா சார்?”

“ஏ பேச்சி, நம்ம பக்கம் எவன் மேக்க ஜன்னல் வச்சிருக்கான்? ஆடில அடுப்பு நிக்குமா? சோத்துல மண்ணு விழுகும்!”

“மழ மேக்கருந்துதான வருது? மச்சுல மொளகா காயுது, கொடியில துணி காயுது. நான் அடுப்படில இருட்டுக்குள்ள நிக்கிறேன். சடசடன்னு விழுந்தப்பறம்தான் எனக்குத் தெரியுது. மல கறுக்கும்போதே தெரிஞ்சா ஓடிப்போயி எடுத்துர மாட்டேன்?”

“அதுக்கு வாசல்ல வந்து பாரு.”

“பால் பொங்கிருமே! நீங்க வந்து பாத்துக்கிருவீகளா?”

அவர் ரம்பத்துக்கு எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார். விவாதம் முடிந்தது என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் கவனித்துக்கொண்டே வந்தேன். தங்கவேல் சொன்னது நிஜம். தெருத் தெருவாக மேற்குச் சுவர்கள் குருட்டுச் சுவர்கள். நானும் இத்தனை வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. உங்கள் வீட்டையும் ஒருமுறை சுற்றி வந்து பாருங்களேன்.

அதன் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் சுருளிப்பட்டிக்குப் போயின. “இத்தன வருஷம் வாடகை வீட்டுல இருந்ததுக்கு, கடைசியில சொந்தமா ஒரு வீடு வாங்கிட்டீக. நாம எந்த ரூம்ல படுக்குறது?” என்று என் மனைவி கேட்டார். நான் கையோடு எடுத்து வந்திருந்த நீலத் தொட்டியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கவேலிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எதையும் மாற்றக் கூடாது. இருந்தது இருந்தபடி வர வேண்டும். புதுசாக ஒரு ஆணி அடித்தாலும் பழைய ஆணி இருந்த துளையில்தான்.

அவரும் மதித்தார். மேல் பூச்சைச் சுரண்டியபோது அடியில் எலுமிச்சை மஞ்சள் வந்தது. அன்றைக்கு அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். “சார்! அசல் கலரு! அசல் கலரு!” தேனியில் நேம்போர்டு எழுதும் கடையில் பிளாஸ்டிக் தகடு வாங்கிப் போனேன். டார்ச் லைட் பல்பு பொருந்தியது. முதல் பல்பு எரிந்தபோது நாங்கள் மூவரும் கைதட்டினோம். பேச்சியம்மாள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், அளவு பிடிப்பார், தேவைப்பட்டால் இழைப்புளியும் பிடிப்பார். பாதி வேலை அவருடையது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். முகப்பு, படி, பால்கனி, பாட்டரிக் கூடு, ஒவ்வொன்றுக்கும் தேதி. ஃபிலிம் ரோலில் மீதி இருந்ததைப் பின்பக்கத்துக்கு என்று வைத்திருந்தேன். அதற்குள் மனைவியின் தம்பி மகளுக்குக் காதுகுத்து. மீதி ஃபிலிம் அந்தக் காதுகளுக்குப் போனது. அந்த ஞாயிறு சுருளிப்பட்டிக்கும் போகவில்லை.

அடுத்த வாரம் போனால்... பின்பலகை புதுசு! வழவழவென்று இழைத்து, மஞ்சள் அடித்து, பொருத்தி முடித்தாகிவிட்டது. அதில், அடுப்படிக்கு நேராக, ஒரு ஜன்னல். அகலமான ஜன்னல். பிளாஸ்டிக் கண்ணாடி பள்ளத்தில் ஓடுகிறது. வெளியே ஒரு சின்ன சன்ஷேடுகூட.

“ஜன்னல் இருந்ததா!” என்றேன். சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

தங்கவேல் பக்கத்தில் நின்று தாடையைச் சொறிந்தார். அந்த வாரம் முழுக்க அவர் கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கதவு வேலை. பலகையை அறுத்தது பேச்சியம்மாள்.

“பழைய பலக மேல வச்சு, கோடு போட்டு அறுத்தேன் சார்,” என்றார். “இருந்தது இருந்தபடி. நீங்கதான சொன்னீக?”

“அந்தப் பழைய பலகை எங்கே?”

“கரையான் தின்ன பலக சார். அடுப்புல போயிருச்சு.”

தங்கவேல் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் பார்க்காமல், கணவரிடம் மெதுவாகச் சொன்னார்:

“இது கெழக்க பாத்த வீடுன்னு நீங்கதான சொன்னீக. அப்ப இந்த ஜன்னலு எந்தப் பக்கம்?”

அதற்குப் பதிலையும் அவரே சொன்னார்:

“மேக்க. மலைக்கு மேல இங்கனய விடக் காத்து. அங்கன இருந்தவகளே மேக்க வச்சிருக்காக.”

“அது வெளையாட்டுச் சாமான், புள்ள!”

“வீடுன்னா வீடுதான, சின்னதென்ன, பெருசென்ன?”

ஆசாரிக்குக் காது சிவந்துவிட்டது. “சரி. ஆடி பொறக்கட்டும். மனைல கொண்டுபோயி வச்சுப் பாப்போம். உள்ள வெளக்கு ஏத்துவோம். நின்னா உனக்கு ஜன்னலு. அணைஞ்சா ஆயுசுக்கும் பேசக் கூடாது.”

“சரி,” என்றார் பேச்சியம்மாள்.

யாருடைய வீட்டுக்குள் விளக்கு? என் வீட்டுக்குள்! மஞ்சள் பெயின்ட் காய்ந்து இன்னும் வாசனைகூடப் போகவில்லை. நான் எழுந்து ஆட்சேபித்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

18.7.2004. ஆடி முதல் ஞாயிறு. காற்று வேட்டியைப் பிடுங்குகிறது. மனையில் நாலு செங்கல் அடுக்கி, முகப்பைக் கிழக்கே பார்க்க வைத்து, வீட்டை உட்கார வைத்தார் தங்கவேல். பறக்காமல் இருக்கக் கூரைமேல் ஒரு கல். தெருவே கூடிவிட்டது. கொத்தனார் வந்திருந்தார். திராட்சைத் தோட்டத்துப் பெண்கள் மொத்தமாக வந்திருந்தார்கள்.

“ஏலே, கிரகப்பிரவேசத்துக்குப் பால் எங்கடா?” என்று யாரோ கத்தினார்கள்.

சின்ன அகல். பேச்சியம்மாள் முன்பக்கக் கண்ணாடியைத் தள்ளி, கையை உள்ளே விட்டு, அடுப்பு மேடைமேல் வைத்து ஏற்றினார். முன் கண்ணாடியை மூடினார். ஒரு கணம் அந்த வீடு முழுக்கப் பொன்னாக மின்னியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டை நான் அவ்வளவு அழகாக அதற்கு முன் பார்த்ததில்லை.

தங்கவேல் பின்பக்கம் போனார். ஜன்னலைத் திறந்தார்.

விளக்கு பட்டென்று அணைந்தது.

“பாத்தீகளா? நான் சொல்லல?” கொத்தனார் தலையாட்டினார். கூட்டத்தில் ‘ப்ச்’ என்று ஒரு சத்தம். நான் பேச்சியம்மாளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அவர் தீப்பெட்டியை எடுத்தார். அதோடு எழுந்து பின்பக்கம் வந்தார். கணவரைத் தோளால் சற்று நகர்த்தினார். ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்.

“கண்ணாடி எதுக்கு வச்சிருக்காக? மூடத்தான?”

முன்னால் வந்து திரும்பவும் விளக்கை ஏற்றி, முன் கண்ணாடியையும் மூடினார். சுடர் நின்றது. நேராக, ஆடாமல் நின்றது. வெளியே சன்ஷேடு படபடக்கிறது, உள்ளே சுடர் சாமி விளக்குபோல் நிற்கிறது.

“இப்ப முன்னாடி வந்து குனிஞ்சு பாருங்க. என்ன தெரியுது?”

தங்கவேல் குனிந்தார். முன் கண்ணாடி, ஹால், அடுப்படி, சுடர்... அதற்கும் பின்னால் அந்தச் சின்ன ஜன்னலில் மேற்கு மலை முழுக்க இருந்தது. உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“மழ வரும்போல,” என்றார் தங்கவேல்.

அவ்வளவுதான். கூட்டமே சிரித்தது. அவருக்குச் சிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நம் மேற்குச் சுவர்கள் ஏன் குருடாயின என்று அன்றைக்கு எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. முன்பு மரக்கதவு. திறந்தால் காற்று, மூடினால் இருட்டு. மூடியே வைக்கிற ஜன்னல் எதற்கு? பிறகு கண்ணாடி வந்தது. வழக்கம் மட்டும் மாறவில்லை. இன்னொன்றும் புரிந்தது. தங்கவேலிடம் இதே வீட்டைக் காகிதத்தில் வரைந்து காட்டியிருந்தால் ஒரு கோடுகூட மாறியிருக்காது. பெரியவர்கள் காகிதத்தோடு சண்டை போடுவார்கள். பொம்மைக்கு முன்னால்தான் குனிவார்கள்.

போன ஞாயிறு அந்த நிஜ வீட்டுக்குள் போனேன். கிழக்குப் பார்த்த முகப்பு. வடமேற்கில் அடுப்படி. மேற்கே அகலமான கண்ணாடி ஜன்னல். எலுமிச்சை மஞ்சள் சுவர்! பால்கனி மட்டும் இல்லை, மாடி பின்னால் வருமாம். வந்திருந்த பெண்கள் ஹாலில் உட்காரவே இல்லை, எல்லோரும் அடுப்படியில்தான். நாலு பேராவது தங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஜன்னலைக் காட்டியதை நானே பார்த்தேன். தங்கவேல் விருந்தாளிகளிடம் அதை விளக்கிக்கொண்டிருந்தார், தன் யோசனை என்பதுபோல.

காசிம் பாயும் வந்திருந்தார். “பாய், உங்கள் கடையில் இரண்டு மழைக்காலம் இருந்ததே. பின்சுவரில் ஜன்னல் இருந்ததா?” என்று கேட்டேன்.

“விக்கிற சாமானுக்கு முதுகு எதுக்கு சார்? நான் முன்னாடிதான் பாத்தேன்.”

தங்கவேலைக் கேட்டேன். “சாக்கப் பிரிச்சப்போ ஒரே கரையான் மண்ணு. என்னத்தப் பாக்க?” என்றார்.

கடைசியில் பேச்சியம்மாளையே கேட்டேன். அவர் பால் டம்ளரை என் கையில் கொடுத்தார்.

“நீங்கதான சார் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதுவீக. நீங்க என்ன எழுதியிருக்கீக?”

வீட்டுக்கு வந்து டைரியைப் பிரித்தேன். கூரை பறந்தது இருக்கிறது. மஞ்சள் நிறம் இருக்கிறது. காதுகுத்து இருக்கிறது. பின்சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. பொம்மை வீடு இப்போது என் மேஜைமேல், ஜன்னல் மேற்கே பார்க்க இருக்கிறது. அதைப் பற்றி டைரியில் இன்று எழுதி வைத்த குறிப்பு இது:

“அடுப்படி ஜன்னல்: முதலிலிருந்தே இருந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை.”